பழைய காரின் பெயிண்டைப் பார்க்குமுன் புத்தகத்தைப் பாருங்கள்

கடந்த மாதம் பேருவளையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை வந்து இறங்கியது ஒரு பழைய மொரிஸ் மைனர் காரில். வெள்ளைப் பூச்சு, பளபளக்கும் பம்பர், முன்னால் ஸ்ரீ இலக்கத் தகடு. சாப்பாட்டுக்குப் பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தவர்களை விட காரைச் சுற்றி நின்றவர்கள்தான் அதிகம். அதில் ஒருவர், துணிக்கடை வைத்திருக்கும் தம்பி, என்னிடம் வந்து, "நானா, நீங்களும் இப்படி ஒன்று செய்தீங்கதானே. எனக்கும் ஒன்று பார்த்து வச்சிருக்கேன். பெயிண்ட் வேலைக்கு எவ்வளவு போகும்?" என்று கேட்டார்.

"பெயிண்ட் கணக்கைப் பிறகு சொல்றேன். புத்தகம் யாருடைய பேரில இருக்கு?" என்று கேட்டேன். தம்பிக்குத் தெரியவில்லை. "புரோக்கர் ஓபன் பேப்பர் இருக்கு என்றார்" என்றார்.

ஆகவேதான் இந்த வாரம் வழமையான சந்தை நிலவரத்தை ஒத்தி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து வருடங்களில் நாட்டில் இருந்த வாகனங்களின் விலை ஏறியது. தோட்டத்து மூலையில் கோழி அடைந்து கிடந்த கார்களும் விலை பேசப்பட்டன. நம்மவர்கள் பலர் ஆசைக்கு ஒன்று, கல்யாண வாடகைக்கு ஒன்று என்று வாங்கினார்கள். காரைத் திருத்துவது எப்படி என்று சொல்லித்தர நல்ல பாஸ்மார் இருக்கிறார்கள். அதைச் சட்டப்படி நம்முடையதாக்கி வீதியில் இறக்குவது எப்படி என்பதை யாரும் சொல்வதில்லை. நான் அதைக் காசு கொடுத்துப் படித்தேன்.

நான் வாங்கிய கார்

2016இல் மத்திய மாகாணத்து ஊர் ஒன்றிலிருந்து 1959ஆம் ஆண்டின் மொரிஸ் மைனர் 1000 ஒன்றை நாலு இலட்சம் ரூபாவுக்கு வாங்கினேன். ஓடாத நிலை. மைனர் என்பது 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட கார். 16 இலட்சத்துக்கு மேல் செய்தார்கள். பத்து இலட்சத்தைத் தாண்டிய முதல் பிரித்தானியக் கார் அதுதான். நம் நாட்டில் டொக்டர்மாரும் பாடசாலை அதிபர்மாரும் தோட்டத்து எழுதுவினைஞர்களும் ஓட்டியது. உதிரிப்பாகத்துக்குப் பஞ்சமில்லை. பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்கும். அதன் தகரப் பாகங்களை இலங்கையிலேயே செய்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்த காலமும் உண்டு. ஆகவே பழைய காரில் முதலில் கை வைப்பவருக்கு மைனர் நல்ல தெரிவு.

விற்றவர் அந்த வீட்டின் மூத்த மகன். இடையில் ஒரு தரகர். சி.ஆர். புத்தகம் கையில் தந்தார்கள். கையெழுத்து வைத்த, திகதி போடாத கைமாற்றுப் படிவமும் தந்தார்கள். "எப்ப வேணும் என்றாலும் உங்கட பேருக்கு மாத்தலாம் ஹாஜி" என்றார் தரகர். நானும் சந்தோஷமாகக் காரை லொறியில் ஏற்றினேன்.

இரண்டு வருடம் வேலை நடந்தது. டிங்கர் வேலை, பெயிண்ட், என்ஜின், சீட், குரோம் எல்லாம் முடிந்தது. 2018இல் பெயர் மாற்றப் போகும்போது பதிவு உரிமையாளரின் அடையாள அட்டைப் பிரதி தேவைப்பட்டது. விற்றவருக்குக் கோல் எடுத்துக் கேட்டேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்:

"வாப்பா மவுத்தாகி இருபது வருஷம் ஹாஜி. எங்க ஐ.டி. தேடுற?"

புத்தகத்தில் இருந்தது அவருடைய வாப்பாவின் பெயர். மனிதர் 1998இல் மவுத்தாகிவிட்டார். அப்படியானால் 2016இல் என் கையில் தந்த படிவத்தில் கையெழுத்து வைத்தது யார்?

ஓபன் பேப்பர் என்பது என்ன?

நம் வியாபாரிகள் ஓபன் பேப்பரை ஒரு வசதியாக நினைக்கிறோம். உண்மையில் அது சட்டம் சொல்வதற்கு நேர் எதிரானது. கார் கைமாறினால் 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பெயர் மாற்ற வேண்டும். அதற்கான படிவங்கள் எம்.ரி.ஏ. 6, எம்.ரி.ஏ. 8 என்பன. விற்றவரும் வாங்கியவரும் இருவருமே இதில் பொறுப்பாளிகள். பெயர் மாற்றாத வரை, திறப்பு உங்கள் கையில் இருந்தாலும் திணைக்களத்தின் ஏட்டில் உரிமையாளர் மற்றவர்தான். விபத்து நடந்தால் பொலிஸ் தேடிப் போவதும் அவரைத்தான்.

ஓடும் புதுக் காரில் இந்தத் தவறைச் செய்தால் விற்றவரை எப்படியும் கண்டுபிடிக்கலாம். அறுபது வருடப் பழைய காரில் புத்தகத்தில் உள்ள மனிதர் உயிரோடு இருப்பாரா என்பதே கேள்வி. ஆகவே முற்பணம் கொடுக்கு முன்பே நான்கு விடயங்களைப் பாருங்கள்.

ஒன்று, பதிவு உரிமையாளர் யார், உயிரோடு இருக்கிறாரா, அவரே நேரில் கையெழுத்து வைப்பாரா.

இரண்டு, புத்தகத்தில் முழுமையான உரிமையாளர் என்று ஏதாவது நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா. எப்போதோ கட்டி முடித்த கடனாக இருக்கலாம். ஆனால் விடுவிப்புக் கடிதம் இல்லாமல் பெயர் மாறாது.

மூன்று, திணைக்களத்தின் ஏட்டிலும் அதே விபரம்தான் இருக்கிறதா. புத்தகத்தை மட்டும் நம்பாமல் பதிவு விபரப் பிரதி ஒன்றை எடுத்துப் பாருங்கள். பதிவு ரத்தாகியிருக்கிறதா என்பதும் அதில் தெரியவரும்.

நான்கு, கடைசியாக எந்த வருடம் வருமான அனுமதிப்பத்திரம், அதாவது நாம் லைசன்ஸ் என்று சொல்வது, எடுக்கப்பட்டது. காரைப் பாவிக்கவில்லை என்று முன்கூட்டியே அறிவிக்காமல் விட்டிருந்தால் நிலுவையும் தண்டமும் சேர்ந்திருக்கும். அதை விற்பவர் கட்டுவதா, நீங்கள் கட்டுவதா என்பதை விலை பேசும்போதே பேசி முடியுங்கள்.

எட்டுப் பங்கு

என் கதைக்கு வருகிறேன். தரகரிடம் சண்டைக்குப் போனேன். அவர் சிரித்துக்கொண்டு, "அது பெரிய விசயமில்ல ஹாஜி. ஒரு ஐ.டி. பிரதியும் ஒரு சத்தியக் கடதாசியும் நான் செஞ்சு தாரேன்" என்றார். உண்மையைச் சொல்கிறேன், இரண்டு நாள் யோசித்தேன். பதினைந்து இலட்சம் ரூபா காரில் போட்டிருந்தேன். வீட்டிலும் யாருக்கும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சுபஹுக்குப் பிறகு ஒரு சட்டத்தரணி நண்பரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "ஹாஜியாருக்கு எத்தனை பிள்ளைகள்?"

மனைவி உயிரோடு இருந்தார். இரண்டு மகன், மூன்று மகள். ஹாஜியாரின் தாய் தந்தை அவருக்கு முன்பே போய்விட்டார்கள். நம் நாட்டில் 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டப்படி, மரண சாசனம் எழுதாமல் மவுத்தான முஸ்லிமின் சொத்து ஷரீஅத் சொல்லும் பங்குப்படி வாரிசுகளுக்குப் போகும். மனைவிக்கு எட்டில் ஒன்று. மிகுதி ஏழு பங்கில் மகன்மாருக்கு இரண்டிரண்டு, மகள்மாருக்கு ஒவ்வொன்று. நாலு இலட்சத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஐம்பதாயிரம். உம்மாவுக்கு ஐம்பது, மூன்று மகள்மாருக்கும் தலா ஐம்பது, இரண்டு மகன்மாருக்கும் தலா ஒரு இலட்சம்.

நான் கொடுத்த நாலு இலட்சமும் மூத்த மகனின் கையிலேயே இருந்தது. அவருக்குரியது ஒரு இலட்சம். மற்ற மூன்று இலட்சம் அவருடைய உம்மாவுக்கும் தம்பிக்கும் சகோதரிகளுக்கும் உரியது. அவர்களுக்குக் கார் விற்ற விசயமே தெரியாது. அதாவது, நான் இரண்டு வருடமாகப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த காரில் எட்டில் ஆறு பங்கு எனக்கு யாரும் விற்காதது. நான் கேட்காமல் விட்டதும் ஒரு குற்றம்தானே.

ஊருக்குப் போனேன். உம்மா ஒன்றும் சொல்லவில்லை. மூத்த மகன் தலை குனிந்துகொண்டிருந்தார். கடைசி மகள் திரைக்குப் பின்னால் இருந்து சொன்னது இன்னும் காதில் இருக்கிறது:

"காசுக்காக இல்ல நானா. அந்தக் காரிலதான் வாப்பா என்னை ஸ்கூலுக்குக் கூட்டிப் போற. விக்கப் போறம் என்று ஒரு சொல்லு சொல்லியிருக்கலாம்."

எனக்குப் பதில் வரவில்லை.

மூத்த மகனிடம் அப்போது காசு இல்லை. அவர் திருப்பித் தரும் வரை காத்திருந்தால் விசயம் முடியாது என்று நானே மூன்று இலட்சத்தையும் மற்ற ஐந்து பேருக்கும் பங்குப்படி கொடுத்தேன். மூத்த மகன் எனக்குத் தவணையில் திருப்பித் தருவதாக இரண்டு சாட்சியோடு எழுதிக்கொண்டோம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி ஸூரத்துல் பகராவின் 282ஆவது வசனம் சொல்கிறது. குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் அதுதான். அதை ஓதுகிறோம், ஆனால் கார் வாங்கும்போது மறந்துவிடுகிறோம். மூத்த மகன் இன்று வரை இரண்டு இலட்சத்து அறுபதாயிரம் தந்துவிட்டார். மிகுதியையும் தருவார்.

பிறகு மரணச் சான்றிதழ், வாரிசுகள் எல்லோரின் சம்மதம், மாவட்ட நீதிமன்றத்தில் நிர்வாகப் பத்திரம், அதன் பின் திணைக்களத்தில் பெயர் மாற்றம், தாமதத் தண்டம். பதினான்கு மாதம் போனது. கார் அந்தப் பதினான்கு மாதமும் துணி போட்டு மூடி நின்றது. எந்த வழக்குக்கு எந்தப் பத்திரம் தேவை என்பது சொத்தின் பெறுமதியையும் குடும்பத்தையும் பொறுத்தது. ஆகவே உங்கள் விசயத்தில் சட்டத்தரணி ஒருவரிடம் முதலிலேயே கேளுங்கள். வாரிசுகளிடம் வாங்குவது தவறல்ல. எல்லா வாரிசுகளிடமும் வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

இலக்கங்கள் பொருந்துகின்றனவா?

பெயருக்கு அடுத்தது இலக்கம். புத்தகத்தில் சேசிஸ் இலக்கம், என்ஜின் இலக்கம், நிறம் எல்லாம் எழுதியிருக்கும். மைனருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. கார் இலக்கம் பொனட்டைத் திறந்தால் பின்சுவரில் பொருத்திய சிறிய தகட்டில் இருக்கும். என்ஜின் இலக்கம் டைனமோவுக்கு மேலே என்ஜினில் அடித்த தகட்டில் இருக்கும்.

பெயிண்ட் அடிப்பவர் முதலில் செய்யும் வேலை இந்தத் தகட்டைக் கழற்றுவது. என் காரின் தகடும் அப்படித்தான் காணாமல் போனது. இரண்டு கிழமை தேடி, கடைசியில் டிங்கர் பாஸின் கராஜில் பழைய ஹோர்லிக்ஸ் டின் ஒன்றில், ஆணிகளோடு ஆணியாகக் கிடைத்தது. கிடைக்காமல் போயிருந்தால் இது எந்தக் கார் என்று நான் எதைக் கொண்டு நிரூபிப்பது? ஆகவே வேலை தொடங்கு முன் தகட்டைப் படம் எடுங்கள், மெல்லிய கடதாசி வைத்துப் பென்சிலால் உரசி அச்சு எடுங்கள், கழற்றினால் உங்கள் இரும்புப் பெட்டியில் வையுங்கள்.

என்ஜின் மாற்றிய கார்களே அதிகம். டட்சன், நிசான் என்ஜின் போட்டவை ஏராளம். மாற்றுவது குற்றமில்லை, அறிவிக்காமல் மாற்றுவதுதான் பிரச்சினை. வேறு என்ஜின் போட்டால் அதை வாங்கிய பில்லை பத்திரமாக வைத்து, திணைக்களத்துக்கு விண்ணப்பித்து, மோட்டார் வாகனப் பரிசோதகரிடம் காரைக் காட்டி, புதிய இலக்கத்தைப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். நிறம் மாற்றினாலும் அப்படித்தான். பில் இல்லாத என்ஜினை மலிவு என்று வாங்காதீர்கள். களவு என்ஜினாக இருந்தால் உங்கள் நல்ல காரும் சேர்ந்து பொலிஸ் முற்றத்தில் நிற்கும். பழைய இலக்கத்தைப் புது என்ஜினில் அடித்துத் தருவதாகச் சொல்பவரின் கராஜுக்கு மீண்டும் போகாதீர்கள்.

2022இல் எரிபொருளுக்கு கியூ.ஆர். முறை வந்தபோது வாகன இலக்கத்தோடு சேசிஸ் இலக்கத்தையும் கேட்டார்கள். ஏட்டில் ஒன்று, காரில் ஒன்று என்று வைத்திருந்த பலருக்கு அன்றுதான் தங்கள் புத்தகத்தின் நிலைமை தெரிய வந்தது.

காரைப் பார்ப்பது யார்?

பஸ், லொறிகளுக்கு வருடாந்தம் தகுதிச் சான்றிதழ் உண்டு. தனியார் காருக்கு அது இல்லை. 2008 முதல் புகைப் பரிசோதனை மட்டும் இருக்கிறது. அது பிரேக்கைப் பார்ப்பதில்லை, சில்லைப் பார்ப்பதில்லை. ஆகவே லைசன்ஸ் கிடைத்துவிட்டது என்பதற்காக கார் பத்திரமானது என்று நினைக்க வேண்டாம். திருத்திய பாஸே தன் வேலையைத் தானே பார்த்துச் சரி என்பார். வேறு ஒருவரிடம் காட்டுங்கள். காரை மேலே தூக்கி இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்:

பிரேக்: மைனரின் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலுக்குக் கீழே தளத்துக்குள் ஒளிந்திருக்கும். கார்ப்பெட்டைத் தூக்கினால்தான் எண்ணெய் ஊற்றும் வாய் தெரியும். அதனால் யாரும் பார்ப்பதில்லை. நாலு சில்லுக்கும் ஒரே வழிதான். ஓரிடத்தில் ஒழுகினாலும் எல்லா பிரேக்கும் போகும். இறப்பர் எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள்.

முன் சில்லு: முன் சில்லைத் தாங்கும் டிரனியன் மரையில் கிறீஸ் இல்லாவிட்டால் மரை தேய்ந்து ஒருநாள் கழன்று, சில்லு மடிந்து கார் உட்கார்ந்துவிடும். மைனரின் பேர்போன வியாதி இது. ஒழுங்காகக் கிறீஸ் அடித்தால் வராது.

துரு: தனிச் சேசிஸ் இல்லாததால் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டியும் தளத்தின் குறுக்குத் தகரமும்தான் காரைத் தாங்குகின்றன. அதற்கு மேல் புட்டி பூசி பெயிண்ட் அடித்தால் அழகாக இருக்கும், பலம் இருக்காது. சிறிய காந்தம் ஒன்றைச் சட்டைப் பையில் கொண்டு போங்கள். ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை.

வயர்: இந்தக் கார்களில் பற்றரியின் பொசிடிவ் முனைதான் உடலோடு பூட்டியிருக்கும். இது தெரியாமல் இன்றைய முறையில் பற்றரியையோ ரேடியோவையோ பூட்டினால் எரிந்துவிடும். பழைய துணி சுற்றிய வயரை முழுதாக மாற்றுங்கள்.

பெற்றோல்: நம் நாட்டில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நின்றது. பழைய என்ஜினின் வால்வு இருக்கைக்கு அந்த ஈயமே பாதுகாப்பாக இருந்தது. ஹெட் கழற்றியிருக்கும்போதே கெட்டியான வால்வு இருக்கை போடச் சொல்லுங்கள். பிறகு கழற்றினால் இரட்டைச் செலவு.

புகை, இன்சூரன்ஸ், லைசன்ஸ்

என் கார் புகைப் பரிசோதனையில் முதல் முறை தோற்றது. காரணம் சிறியது. எஸ்.யூ. காபரேட்டரில் பெற்றோல் கலவை கூடியிருந்தது. அடியிலுள்ள நட்டை மேலே சிறிது திருக, கலவை குறைந்தது. எயார் பில்டரைச் சுத்தம் செய்து, இக்னிஷன் டைமிங் சரி பார்த்து, அரை மணி நேரம் ஓட்டி என்ஜின் நன்றாகச் சூடான பின் கொண்டு போனேன். பாஸ் ஆனது.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது பெறுமதியை முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் விபத்துக்குப் பிறகு 1959 கார் என்று சொல்லித் தேய்மானக் கணக்குப் போடுவார்கள். 1904இல் தொடங்கிய ஓட்டோமொபைல் அசோசியேஷன் ஒஃப் சிலோன் போன்ற இடத்தில் பெறுமதி அறிக்கை ஒன்று எடுத்தால் பேசுவது இலகு. தகாஃபுல் எடுப்பவர்களுக்கும் இதே கதைதான். கல்யாண வாடகைக்கு விடப் போகிறீர்கள் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். தனிப்பாவனை என்று எழுதிவிட்டு வாடகைப் பயணத்தில் விபத்து நடந்தால் ஒரு சதமும் கிடைக்காது போகலாம்.

புகைச் சான்றிதழும் இன்சூரன்ஸும் புத்தகமும் கையில் இருந்தால் பிரதேச செயலகத்தில் லைசன்ஸ் எடுப்பது அரை நாள் வேலை.

கடைசிக் கணக்கு

வியாபாரிகளுக்குக் கணக்குச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. காருக்கு நாலு இலட்சம். டிங்கர், பெயிண்டுக்கு ஆறரை. என்ஜின், பிரேக் வேலைக்கு இரண்டே முக்கால் அளவில். சீட், குரோமுக்கு ஒன்றே முக்கால் அளவில். மொத்தம் பதினைந்து. அதன் மேல் பேப்பருக்கு நாலு இலட்சத்துப் பத்தாயிரம். அதாவது, வாரிசுகளுக்குக் கொடுத்த மூன்றும் சட்டத்தரணி, நீதிமன்றம், போக்குவரத்துச் செலவும். என்ஜினை விட பேப்பருக்குப் போனது அதிகம். வாங்கும் முன் ஐந்து நிமிடம் புத்தகத்தைப் பார்த்து, ஒரு கேள்வி கேட்டிருந்தால் இதில் பெரும் பகுதி மிச்சம். பதினான்கு மாதமும் மிச்சம்.

நாளை நீங்கள் விற்கும்போதும் இதே விதிதான். துரு எங்கே இருந்தது, என்ஜின் எப்போது மாறியது என்று தெரிந்ததைச் சொல்லி விற்றுவிடுங்கள். ஐபை மறைத்து விற்ற காசில் பரக்கத் இல்லை. வாங்குபவரை நாரஹேன்பிட்டிக்கோ மாவட்ட அலுவலகத்துக்கோ நீங்களே கூட்டிப் போய்ப் பெயரை மாற்றிக் கொடுத்தால், அந்தக் காரின் பாரம் உங்கள் தலையிலிருந்து இறங்கிவிடும்.

பேருவளைத் தம்பி நேற்றுக் கோல் எடுத்தார். புத்தகம் ஒரு பெண்ணின் பெயரிலாம். மாத்தளையில் இருக்கிறாவாம். வயது எண்பதுக்கு மேலாம். "நல்லது, இந்தக் கிழமையே போய்ப் பாருங்க. முற்பணத்தை அவட கையில குடுங்க, தரகர்ட கையில இல்ல" என்றேன்.

அல்லாஹ் நம் எல்லோருடைய கொடுக்கல் வாங்கலையும் ஹலாலாக்கி, அதில் பரக்கத் செய்வானாக.